மண்ணைக் கேட்டு டயர் வாங்குங்கள்

போன ஐப்பசி மழையில் நடந்தது. விருத்தாசலத்துக்கு மேற்கே ஓர் ஏரிக்கரை வண்டிப் பாதை. இரண்டு நாள் விடாமல் பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. என் அக்கா மகனின் ஜீப் பாதை நடுவே நின்றுவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி. நான்கும் சுற்றின, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. டயர் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எந்தத் தரையிலும் ஓடும் என்று சொல்லிக் கொடுத்த பட்டன் டயர். இறங்கிப் பார்த்தேன். பட்டன்களுக்கு இடையிலிருந்த பள்ளமெல்லாம் கரிய களி அப்பிக்கொண்டு, நான்கு டயரும் எண்ணெய் தடவிய உரல்போல மொழுமொழுவென்றிருந்தன. பக்கத்து வயலில் சேடை ஓட்டிக்கொண்டிருந்த டிராக்டர்தான் கடைசியில் வந்து இழுத்துவிட்டது.

“இவ்வளவு பணம் போட்டேனே மாமா” என்று அவன் நொந்துகொண்டான். பணம் குறைந்ததால் வந்த சிக்கல் இல்லை அது. இன்னும் இரண்டு பங்கு போட்டு வாங்கியிருந்தாலும் அந்தக் களியில் அந்த வண்டி நின்றிருக்கும். அவன் டயரைத் தேர்ந்தெடுத்தது வண்டியின் தோற்றத்தைப் பார்த்து. ஓடப்போகும் மண்ணை யாரும் அவனிடம் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் தார், ஜிம்னி, கூர்க்கா என நான்கு சக்கர இழுவை வண்டிகள் பெருகிவிட்டன. விடுமுறை வந்தால் மலைக்கும் கடற்கரைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வண்டி வாங்குகிறவர், அந்த வண்டி தரையைத் தொடும் ஒரே இடமான டயரைப் பற்றிப் பத்து நிமிடம் யோசிப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

விருத்தாசலத்துக்காரர்களுக்குக் களிமண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் தொழிற்பேட்டையும் அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கிற ஊர் இது. ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, கொலு பொம்மை எல்லாம் மண்ணின் ஒரே குணத்தால்தான் உருவாகின்றன. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். நீர் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வழுக்கினாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கைக்கும் அச்சுக்கும் அது வளைந்து கொடுக்கிறது. பட்டறையில் வரமாக இருக்கும் அந்தக் குணமே பாதையில் வண்டியை வீழ்த்துகிறது. தகடுகள் வழுக்குவதால் டயருக்குப் பிடி கிடைப்பதில்லை. ஒட்டிக்கொள்வதால் பள்ளத்தில் புகுந்த சேறு வெளியே போவதும் இல்லை.

நம் வட்டாரத்தில் மண்ணும் ஒரே மாதிரி இல்லை. முந்திரிக்காட்டுச் செம்மண் வேறு, நெல் வயல் கரிசல் வேறு. செம்மண் பாதை நனைந்தால் மேலே மெல்லிய படலம் மட்டும் வழுக்கும். விரல்கடைக்குக் கீழே தரை கெட்டியாகவே இருக்கும். ஓரம் கூர்மையான பட்டன் அந்தப் படலத்தைக் கிழித்துக் கெட்டித் தரையைப் பிடித்துவிடும். எல்லாத் தரை டயர், அதாவது ஏ.டி. டயர், கொடுத்த காசுக்கு வேலை செய்வது இங்கேதான். கரிசல் அப்படியில்லை. அதிலுள்ள களி நீரைக் குடித்து உப்பும்; கோடையில் வெடித்துப் பிளப்பதும் அதே காரணத்தால்தான். முழங்கால் ஆழம் ஊறிய கரிசலில் கார் டயர் எதுவும் கரை சேர்க்காது. டிராக்டரின் பின் டயரை உற்றுப் பாருங்கள். பட்டை பட்டையாக உயர்ந்த வரிகள், நடுவே கையை விடும் அளவுக்கு அகலமான இடைவெளி, அதுவும் ஓரத்தை நோக்கித் திறந்து கிடக்கும். சுற்றச் சுற்றச் சேறு தானே உதிர்ந்துவிடும். அந்த அமைப்பைத் தார்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட முடியாது. ஒன்றை வாங்க இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். டயர் தேர்வின் சூட்சுமம் முழுவதும் இதில் அடக்கம்.

கடையில் மூன்று வகை சொல்வார்கள். நெடுஞ்சாலை டயரை ஹெச்.டி. என்பார்கள்: பள்ளம் குறைவு, சத்தம் குறைவு, நனைந்த தாரில் நல்ல பிடி. சேற்று டயர் எம்.டி.: பெரிய பட்டன், பெரிய இடைவெளி, ஆனால் தாரில் இரைச்சல், எண்ணெய்ச் செலவு, மழையில் பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடி நிற்கும். ஏ.டி. இரண்டுக்கும் நடுவே. சேற்று டயர்தான் பார்க்க வீரமாக இருக்கிறது என்று இளைஞர்கள் அதைத் தேடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன மாதம் ஓட்டிய தூரத்தில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு? விருத்தாசலத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிறவர் சின்னசேலம், கள்ளக்குறிச்சி வரை தாரில் போகிறார். மலைச்சாலையிலும் பெரும்பகுதி தார்தான். கடைசியில் சில கிலோமீட்டர் மட்டும் சரளைக்கல். சாமியார்பேட்டைக் கடற்கரைக்குப் போகிறவருக்கும் அதே கணக்கு. அந்தச் சில கிலோமீட்டருக்காக மழைக்காலத் தார்ச்சாலையில் பிரேக் பிடியை விட்டுக்கொடுப்பது தவறு. கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் சிந்தும் சேறு சாலையில் கிடக்கும். குறுக்கே மாடு வரும், பள்ளி விட்ட பிள்ளைகள் வருவார்கள். உயிர்ச் சேதம் நேர்வது தாரில்தான். சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டால் போவது அரை நாள்.

எனவே என் தீர்ப்பு: மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் இறங்குகிறவருக்கு ஏ.டி. போதும். வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு வண்டியோடு வந்த நெடுஞ்சாலை டயரே போதும். சேற்று டயர் தோட்டத்துக்குள்ளேயே கிடக்கும் வண்டிக்கு.

வகையை முடிவு செய்தபின் அளவு. இங்கேதான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள். ஜிம்னிக்கு நிறுவனம் கொடுப்பது 195/80 ஆர் 15. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். வண்டி கம்பீரமாக நிற்க வேண்டும் என்று 235/75 ஆர் 15 போட்டால் உயரம் 733 மில்லிமீட்டரைத் தாண்டும். கூடிய 40 மில்லிமீட்டரில் பாதிதான் வண்டியின் வயிற்றைத் தூக்கும். ஆக லாபம் 2 சென்டிமீட்டர். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? வேகமானி 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 85-ல் ஓடிக்கொண்டிருக்கும். கியர் கனத்துப் போகும். ஏற்றத்தில் என்ஜின் திணறும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்கும். ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசும். உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். நிறுவனம் கையேட்டில் அனுமதித்த அளவுகளுக்குள் நில்லுங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும், 112 எஸ் என்பதுபோல. யாரும் பார்ப்பதில்லை; நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த எண் பாரக் குறியீடு. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900, 112 என்றால் 1,120. எழுத்து வேகத்துக்கானது, எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. சுற்றுலாவுக்குக் கிளம்பும் வண்டியில் ஐந்து பேர், கூரைமேல் மூட்டை, தண்ணீர்க் கேன், அடுப்பு, கூடாரம் என்று ஏறுகிறது. பாரத்தின் பெரும்பங்கு பின் அச்சில் விழுகிறது. ஆகவே மொத்த எடையை நான்கால் வகுத்துப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. பழைய டயரைவிடக் குறைந்த பாரக் குறியீடு உள்ள டயரை எந்தத் தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்.டி. என்று தொடங்கும் இலகு சரக்கு வண்டி டயர்களும் கடையில் உண்டு. கூர்கல் பாதைக்கு அவை உறுதி. ஆனால் கனம் கூடும், காற்றும் கூட வைக்க வேண்டும், வெறும் வண்டியில் உடம்பு குலுங்கும்.

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்கள் பலர் அந்நாட்டின் உள்நிலப் பாதைகளில் ஓட்டும் காணொளிகளைப் பார்த்து இங்கே டயர் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே மேற்கில் கிப் ரிவர் சாலை மட்டும் சுமார் 660 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை. மாரீ என்ற ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர் போனால் வழியில் பஞ்சர் கடை என்று ஒன்றைத் தேட வேண்டும். அங்கே இரண்டு ஸ்டெப்னி எடுத்துப் போவதும் கனமான எல்.டி. டயர் போடுவதும் உயிர் காக்கும் அறிவு. நமக்கோ பத்து கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. அவர்களிடமிருந்து கற்க வேண்டியது டயரின் பெயரை அல்ல. பாதைக்கு ஏற்ப அவர்கள் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஒழுக்கத்தைக் கற்க வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாரில் 32 பவுண்டு வைத்து ஓடும் டயரை மணலில் 18, 20 பவுண்டுக்கு இறக்கினால் டயர் தட்டையாகி நீளமாகத் தரையில் படியும். ஒட்டகத்தின் பாதம் மணலில் விரிகிறதே, அதுபோல. அதே பாரம் அதிக இடத்தில் பரவுவதால் வண்டி புதையாது. சரளையில் ஐந்தாறு பவுண்டு இறக்கினால் கல்லின் முனையில் டயர் வளைந்து கொடுக்கும்; வெட்டு குறையும். நூறு ரூபாய் செலவில்லாத இந்த வேலை, விலையுயர்ந்த டயர் செய்வதைவிட அதிகம் செய்யும். ஆனால் காற்று இறக்கிய வண்டியை மெதுவாக, சட்டென்று ஒடிக்காமல் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாருக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றோடு அக்னி நட்சத்திர வெயிலில் வேகமாக ஓட்டினால், பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். கோடையில் சாலையோரம் கிடக்கும் டயர்த் துண்டுகளில் பல அப்படிப் பிரிந்தவை. சிகரெட் சொருகியில் மாட்டும் சின்னக் காற்று பம்பும் காற்று பார்க்கும் கேஜும் இல்லாமல் மண்ணில் இறங்காதீர்கள்.

கடற்கரை பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கடலூர் கரையோரம் தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிட வரும். அந்த மணலில் வண்டி ஓட்டுவது பாவம். கல்வராயன் காட்டுக்குள் தடம் விட்டு இறங்குவதும் குற்றம். எந்தத் தரையிலும் ஓடும் டயர் இருக்கிறது என்பதற்காக எந்தத் தரையிலும் ஓட்டலாம் என்று ஆகிவிடாது.

டயருக்கும் இந்த ஊருக்கும் இன்னோர் உறவும் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண் இருக்கிறது. பீங்கானுக்கு மூலப்பொருளான அந்த வகைக் களி உலகெங்கும் ரப்பரிலும் சேர்க்கப்படுகிறது. ட்யூப் இல்லாத டயரின் உள்தோலில் காற்று கசியாமல் தடுக்க அதே தகட்டுத் துகள்கள் உதவுகின்றன. பீங்கான் மெருகில் சேரும் துத்தநாக ஆக்சைடு இல்லாமல் ரப்பரைக் கெட்டிப்படுத்தும் வேலையும் சரியாக நடக்காது. களிமண்ணைச் சுமார் 1,200 டிகிரிச் சூளையில் சுட்டால் மறுபடி மண்ணாகாது. ரப்பரைக் கந்தகத்தோடு சுமார் 150 டிகிரியில் வேகவைத்தால் மறுபடி பாலாகாது. சார்லஸ் குட்இயர் அதைக் கண்டது 1839-ல். ராபர்ட் தாம்சன் 1845-லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியும் உலகம் கவனிக்கவில்லை. 1888-ல் டன்லப் மறுபடி கண்டபிறகுதான் சக்கரம் மெத்தென்று ஓடத் தொடங்கியது. இன்று அந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., நமக்கு அடுத்த பெரம்பலூர் மாவட்டத்திலும் டயர் செய்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. இவ்வளவு டயர் செய்கிற மாநிலத்தில் டயரின் பக்கச்சுவரைப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பக்கச்சுவரில் பார்க்க வேண்டியவற்றுள் பலர் ஏமாறுவது எம் பிளஸ் எஸ் என்ற முத்திரையில். சேற்றுக்கும் பனிக்கும் என்று பொருள். சோதனை செய்து கொடுத்த சான்று அல்ல அது. பட்டன் அமைப்பைப் பார்த்து நிறுவனமே போட்டுக்கொள்வது. மலையும் பனிச்செதிலும் வரைந்த படம் உண்மையான சோதனைச் சான்றுதான். ஆனால் அது பனிக்கு. விருத்தாசலத்தில் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. இந்தியத் தரக்குறி கட்டாயம் இருக்க வேண்டும்; 2009 ஆணைப்படி அது இல்லாமல் டயர் விற்கவே கூடாது. வெளிநாட்டுச் சரக்கு என்று மலிவாகக் காட்டுவதை அந்தக் குறியில்லாமல் வாங்க வேண்டாம். உருளும்போது இழுக்கும் தடை, நனைந்த சாலைப் பிடி, சத்தம் மூன்றுக்கும் 2022-ல் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. கடைக்காரரிடம் மழைப் பிடி எப்படி என்று துணிந்து கேளுங்கள்.

நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். வெயில்பட்ட டயருக்கு முதுமை சீக்கிரம் வரும். ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் சோதியுங்கள், பத்து வருடம் ஆனால் தேயாவிட்டாலும் கழற்றிவிடுங்கள் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. நம் வெக்கையில் நான் பத்து வரை பொறுக்க மாட்டேன். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்த ஆழத்தைக் காட்டப் பள்ளத்தின் அடியில் சின்ன மேடு வைத்தே வார்க்கிறார்கள். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். ஏ.டி. டயர் மண்ணுக்கு உதவுவது அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். பாதி ஆழம் போனதும் அதைச் சாலை டயராக மட்டும் நினையுங்கள். பக்கச்சுவரில் பட்ட வெட்டை எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்டச் சொல்லாதீர்கள். ஓடும் பரப்பில் விழுந்த ஓட்டையை உள்ளிருந்து பேட்ச் போட்டு அடைக்கலாம். பக்கச்சுவர் மடிந்து நிமிரும் இடம், ஒட்டு நிற்காது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிடமும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எட்டு போடக் கற்றுத்தரும் அதே மைதானத்தில் ஒரு டயரைக் கிடத்தி, அளவு, பாரம், தேதி, தேய்மான மேடு நான்கையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அரை மணி நேரம் போதும். பீங்கான் பயிலகத்து மாணவர்களுக்கு மண்ணின் குணம் சொல்லிக்கொடுக்க நம் ஊரில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மண்பாதையில் ஓட்டுவதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தபோது, ஊர்களுக்குள் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோகச் சேற்றில் இறங்கும் வண்டிகள் தேவைப்பட்டன. அடுத்த புயலுக்கும் அவை தேவைப்படும். அவை போய்ச் சேர வேண்டுமானால் ஓட்டுகிறவருக்கு டயர் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா மகன் இப்போது அந்த டயர்களை வைத்தே ஓட்டுகிறான். கெட்ட டயர் இல்லை அவை. செம்மண்ணில் நன்றாகவே போகின்றன. மழை பெய்த மறுநாள் கரிசல் பாதையில் இறங்குவதில்லை. ஒரு பகல் காயவிட்டுப் போகிறான். பக்கத்தில் காற்று பம்ப் வைத்திருக்கிறான். அன்று ஏரிக்கரையில் அவன் வண்டியின் ஸ்டெப்னியையும் பார்த்தேன். பழைய வண்டியாக வாங்கியது. பின்கதவில் உறைபோட்டு அழகாக மாட்டியிருந்தது, ஒருமுறைகூடத் தரையைத் தொடாதது. உறையை விலக்கினால், செய்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது, ஓரமெல்லாம் வெடிப்பு. புது டயர் நான்கும் வாங்கியவன் அதை மறந்துவிட்டான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் உங்கள் வண்டியின் ஸ்டெப்னி உறையையும் ஒருமுறை கழற்றி, அந்த நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்.